அத்தானுக்கு முதல் பக்கம்

மேன்மை தங்கிய அக்கா மகாராணிக்கு,

அம்பத்தூரில் அச்சாகி அண்டசராசரமெங்கும் போகும் நம் சௌராஷ்டிர மொழிப் பத்திரிகையின் (சென்ற மாதம் நூற்றெண்பது பிரதிகள்) ஆசிரியர் எழுதுவது.

நேற்று மதியத் தூக்கத்தில், பாடி மேம்பாலத்து லாரிகளெல்லாம் நம் மொழியில் ஹாரன் அடித்தன. நீ மேகத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் அந்தச் சத்தத்தைத் திருத்திக்கொண்டிருந்தாய். பக்கத்தில் அத்தான் வெற்றிலை மடித்தபடி சிரித்தார். விழித்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இருபது வருடம் பிழை திருத்திய நீ, மூன்று மாதமாக அச்சகப் பக்கமே வரவில்லை. அத்தானின் கண்ணீர் அஞ்சலியை நான் தமிழில் போட்டேன். நம் மொழியில் போட்டால் யார் படிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நீ படிப்பாய் என்பது இந்த மகாமேதைக்குத் தோன்றவில்லை.

இந்த இதழில் அதை நம் மொழியில், முதல் பக்கம் முழுக்கப் போடுகிறேன். அச்சகத்து டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்தே, உன் பொண்ணே படிக்காத பாஷைக்கு முழுப் பக்கமா?"

"பூந்தமல்லில ஒருத்தங்க படிப்பாங்கடா."

"ஒருத்தருக்கா?"

"ஆமாடா, ஒருத்தருக்கு."

எழுதி முடிக்க நான்கு நாளானது. பாதிச் சொற்கள் வாயில் இருக்கின்றன, கைக்கு வரவில்லை. எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். வரிக்குப் பத்தாயிரம் பிழை இருக்கும். வெள்ளிக்கிழமை அச்சு. அத்தானைப் பிழையோடு அனுப்பிவைக்க எனக்குத் தைரியம் இல்லை, அக்கா.

உன் பிள்ளைகளின் ஒரே மாமா