மாடிக்கு வந்த காப்பு

அக்கா,

பேரப்பிள்ளைகள் கேரம் பலகையில் பவுடரைக் கவிழ்த்துவிட்டார்கள். திட்ட வாயைத் திறந்தேன். ரோஜா வாசனை மூக்கில் ஏறியதும் திட்டு மறந்துபோனது. மூவார் ஆற்றைப் பார்த்த மாடியில், ஆட வருகிறவர்களின் கால் லேசாக வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பலகைத் தரையெங்கும் நீ தூவிய பவுடரின் வாசனை அது.

கீழே என் வடைச்சட்டியருகே நீ நிற்கும்போது உன்னை அண்ணே என்பேன். படியேறி மேலே வந்தால் அக்கா. நீ அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. கடைசிப் படியில் உன் முகம் மலர்வதைப் பார்த்து நானாக மாற்றிக்கொண்டேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இனி எனக்கு எப்போதும் அக்காதான்.

ஆம்பளையும் ஆம்பளையும் கைகோத்து ஆட மூவாரில் ஒரு கூடம் இருந்தது என்றால் இன்று நம்பமாட்டார்கள். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நீயும் உன் மனசுக்காரன் ஆ ஹோக்கும் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு ஆட்டக்கூடம் பார்க்கப் போனீர்கள். திரும்பி வந்து சொன்னாய்:

"வெளிச்சம் கண்ணைப் பறிக்குது பிள்ளே. பேண்டு வாசிக்கிறாங்க. ஆனா சீட்டு வாங்கி ஒரு பொண்ணோடதான் ஆடணும். அவன் ஒரு செவுத்துல சாஞ்சு நிக்கிறான், நான் எதிர்ச் செவுத்துல. வர்ற கப்பல்லயே சொல்லிட்டான், நமக்குத் தரையை நான் போட்டுத் தரேன்னு."

மேசை நாற்காலி செய்கிற சீனத் தச்சன் அவன். கொட்டைப்பாக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடியை வாடகைக்குப் பிடித்தீர்கள். அவன் பலகை பலகையாக இழைத்தான். நீ ஒரு கிராமபோன் வாங்கினாய். பாலோ ரப்பர் தோட்டத்தில் புருஷன் அடித்துத் துரத்திய எனக்குப் படிக்கட்டின் அடியில் வடை சுட இடம் கொடுத்தாய். அங்கே வேறொரு வேலையும் எனக்கு இருந்தது. வேண்டாத ஆள் வந்தால் சட்டியில் கரண்டியைத் தட்டுவேன். மேலே பாட்டு நிற்கும்.

தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வருவார். டோங்காங் படகில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். மலாய்க்காரர் ஒருவர் பிடில் கொண்டுவந்து அவர்கள் ஊர் ஆட்டப்பாட்டான ஜோகெட் வாசிப்பார். முதல்முறை வருகிறவர் முதல் ஆட்டத்தை உன்னோடு ஆட வேண்டும், அது அந்த மாடியின் வழக்கம். குனிந்தே நின்ற அந்தக் கிராணியின் கையைப் பிடித்து, "என் காலை மிதிச்சாலும் பரவால்ல, குனிஞ்சு தரையைப் பாக்காதீங்க லா. தரையை ஆ ஹோக் பாத்துக்குவான்" என்றாய். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு கீழே எனக்குக் கேட்டது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதைத்தான் தோட்டத்து ஆட்களை மேய்த்த அந்தப் பெரிய கங்காணி மூடப் பார்த்தான். அவன் பேரை எழுதமாட்டேன். அந்த மரியாதை அவனுக்கு வேண்டாம்.

மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு அவன்தான் தலைவன். அந்த வருஷம் தீமிதிக்கு முன்னால் அம்மன் வேஷம் கட்டுகிற ஆள் காலை உடைத்துக்கொண்டான். நாடகத்தில் நீ பெண் வேஷம் கட்டியவள் என்று கேள்விப்பட்டு உன்னைத் தேடி என் வடைக்கடைக்கு வந்தான்.

"தம்பி, வேஷம் கட்டணும். கூடவே கரகம் எடுக்க, மேளம் அடிக்க ஆளுங்களும் வேணும்."

"ஆளுக்கா பஞ்சம்? கூட்டிட்டு வரேங்க."

மாடியில் ஆடுகிற நம் ஆட்களையெல்லாம் நீ கூட்டிக்கொண்டு போனாய். ஆ ஹோக்கையும் விடவில்லை. கொடியேற்றும் அன்று கங்காணி கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போனான். யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சீனன்கூட வந்துட்டான் பாரு நம்ம திருவிழாவுக்கு" என்று ஊரைப் பார்த்துப் பெருமையடித்துக்கொண்டே, ஒவ்வொரு கையிலும் மஞ்சள் கயிற்றைத் தன் கையாலேயே கட்டினான்.

காப்புக் கட்டினால் என்ன என்று தெரியாத தமிழன் அங்கே யாரும் இல்லை. கட்டியவர்கள் தங்கின இடத்தில் விரதம் இருக்க வேண்டும். திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவர்கள்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. கட்டிவிட்டவன்தான் அவர்களுக்குச் சோறு போட வேண்டும்.

அன்று சாயங்காலமே, மாடியில் ஆம்பளையும் ஆம்பளையும் ஆடுகிற கதையை யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் தடியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் கரண்டியைத் தட்டினேன். நீயே இறங்கி வந்தாய்.

"மூட்டையைக் கட்டுங்கடா. இப்பவே எல்லாரும் ஆத்தைத் தாண்டணும்."

நீ குரலை உயர்த்தவே இல்லை. கையை நீட்டினாய். "ஆறுதானே எல்லை? தாண்டிடுறோம். நீங்க கட்டினது. நீங்களே அவுத்துவிட்டுடுங்க."

தடி பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களோடு வந்திருந்த பூசாரிக் கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக், கங்காணி, இதுங்க இப்ப ஆத்தா பிள்ளைங்க. தொரத்தினா ஊருக்கு அம்மை வரும். மொதல்ல அரிசியை அனுப்புங்க, நேத்து ராத்திரியிலேருந்து பட்டினி."

தடிகள் கீழே போயின. மத்தியானத்துக்குள் அரிசி மூட்டை வந்தது. கட்டிவிட்டவன்தான் சோறு போட வேண்டும் என்று ஆட்கள் தூக்க மறுத்துவிட்டதால் அவனே தோளில் சுமந்துகொண்டு படியேறினான். நான் வழியைவிட்டு ஒதுங்கவில்லை. "மெல்ல ஏறுங்க, தரை வழுக்கும்" என்று மட்டும் சொன்னேன். நீ மேலேயிருந்து என்னைப் பார்த்து முறைத்தாய். முறைக்கும்போதே உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் காப்பு அவிழ்த்த பிறகு என்ன ஆகும்? விரத நாளெல்லாம் மாடியில் அந்தப் பேச்சுத்தான். "அவுத்த மறுநாள் வருவேன்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். கிராணி அழுதே விட்டார். ஆ ஹோக் உளியையும் இழைப்புளியையும் துணியில் சுற்றிவைத்தான். நீ மட்டும் கண்ணாடி முன்னால் புருவம் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

தீமிதி நாள். அம்மனை அழைக்க மேளத்தோடு தலைவனான கங்காணிதான் படியேறி வர வேண்டும், வந்தான். சிவப்புப் புடவையில் நீ இறங்கினபோது தெருவில் நின்ற தோட்டத்துப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யோங் பெங்கிலிருந்தெல்லாம் வந்திருந்த கூட்டம். வெயில் சாய்வதற்குள் நீ குழியில் இறங்கி நடந்தாய். நம் ஆட்கள் உன் பின்னாலேயே நடந்தார்கள். ஊர்ப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்கள்.

நடந்து முடித்த அம்மனிடம் தலைவன் வரம் கேட்க வேண்டும், அம்மன் தனக்கு வேண்டியதைக் கேட்கும். வழக்கமாக ஒரு புடவையோ தோடோ கேட்பார்கள். அவன் குனிந்து, "என்ன வேணும் தாயே?" என்றான்.

நீ அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லவில்லை. நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னாய்:

"வருஷா வருஷம் நான் அந்த மாடியிலேருந்துதான் பொறப்படுவேன். இந்தப் பிள்ளைங்களும் அங்கதான் இருக்கும், ஆடும். யாரும் தொடக் கூடாது. சம்மதமா?"

 கூட்டத்தில் ஒரு கிழவி குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் நாலு பக்கமும் பார்த்தான், போக வழியில்லை.

"ஆகட்டும் தாயே" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து ஆடினீர்கள். தெரு முழுக்கப் பிடில் சத்தம். நான் கரண்டியை வடை திருப்ப மட்டுமே எடுத்தேன். ஜப்பான்காரன் வரும்வரை அந்த மாடியை எவனும் தொடவில்லை. அப்புறம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. காய்ச்சலுக்கு எந்தக் காப்பும் தெரியவில்லை.

போன மாதம் என் பேத்தியைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நல்ல பையன், பேத்திக்கும் பிடித்திருக்கிறது. ஊர் எது, குலம் எது என்று விசாரித்தால், அந்தக் கங்காணியின் கொள்ளுப்பேரன். என் மகன், "அம்மா, பழசைக் கிளறாதீங்க" என்று காதைக் கடித்தான். கிளறினேன். அரிசி மூட்டையிலிருந்து வரம்வரை ஒன்று விடாமல் சொன்னேன். பெரியவர்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் என்னைப் பார்த்தான்.

"எங்க வீட்டுல சொன்னதே இல்ல பாட்டி. அவங்க ஆடினாங்களா அப்புறம்?"

"ஆடினாங்க. உங்க ஆளு ஆகட்டும்னு சொன்னாரே."

"அப்ப சரி. ஆகட்டும் பாட்டி, நானும் சொல்றேன்" என்றான்.

பெண்ணைக் கொடுத்துவிட்டேன் அக்கா. கோபம் போச்சா என்று கேட்காதே. பாதிதான் போனது. மீதியை நான் யாருக்கும் தரப் போவதில்லை.