கார் விக்கேல்லை

இஞ்சேருங்கோ,

சோறும் கணவாய்க் கறியும் அடுப்பில கிடக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ. நேற்றுச் சண்டை பிடிச்சிட்டுச் சாப்பிடாமலே படுத்திட்டியள்.

உங்கட பழைய காரை வாங்க வால்தம்ஸ்டோவில இருந்து நான் வரச்சொன்ன ஆள் காலமை வந்தவர். திறப்பைத் திருப்பின உடன ஸ்டார்ட் வந்திட்டுது. "அக்கா, இப்பவே கொண்டு போறன்" எண்டார். வில்லுங்கோ வில்லுங்கோ எண்டு நிண்ட எனக்கே மனம் வரேல்லை. "இல்லைத் தம்பி, விக்கேல்லை" எண்டு அனுப்பிட்டன்.

பிறகு நீங்கள் வாங்கி வச்ச, பெற்றோல் பழுதாகாமல் வைக்கிற மருந்தை ஊத்தி, டாங்க் நிறையப் பெற்றோல் அடிச்சன். மருந்து எஞ்சின் வரைக்கும் போகட்டும் எண்டு வெளியில பத்து நிமிசம் ஓடவிட்டுத்தான், குளிர்காலம் முடியுமட்டும் நிக்கட்டும் எண்டு கராஜுக்குள்ள விட்டனான். எஞ்சின் ஒயில் மாத்துறது உங்கட வேலை. பழைய ஒயிலோட குளிர் முழுக்க நிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். பற்றரியையும் கழட்டி வையுங்கோ.

ஷிப்டுக்குப் போறன்.
சசி

பி.கு.: எலி போகாமல் சைலன்சர் குழாய்க்குள்ள துணி அடைச்சிருக்கிறன். மார்ச்சில ஸ்டார்ட் பண்ண முன்னம் மறக்காமல் இழுத்தெடுங்கோ. அந்தத் துணி நீங்கள் போடுற மஞ்சள் சேட்டுத்தான். அதுக்குச் சண்டை பிடிக்கிறதெண்டால், ஆறு மணிக்கு வந்திடுவன்.