மாவு பொங்காத வீட்டிலிருந்து

என் உயிர் அக்காவுக்கு,

போன இடத்திலும் நீ சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் கொஞ்சம் காது கொடு. நீ போனதிலிருந்து நம் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது.

அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். கவரைப்பேட்டை வெயிலுக்கும் குறைச்சல் இல்லை. இருந்தும் மாவு குண்டானில் ஊற்றியது ஊற்றியபடியே கிடக்கிறது. நாம் மாவு கொடுக்கிற கம்பெனிப் பெண்கள் விடுதி வார்டன் நேற்று வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "இன்னாம்மா, இட்லி கல்லு கணக்கா கீது. பொண்ணுங்க தொட மாட்டேங்குதுங்க. நாளைக்கும் இப்டின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்." அந்த விடுதியும் போனால் பிழைப்புக்கு எங்கே போவேன்? எனக்குச் சோறே இறங்கவில்லை, அக்கா.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் உன் கைராசி உன்னோடு போய்விட்டது என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன். நம்பாதவள் உன் மகள் பிரியா ஒருத்திதான். காக்களூர் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறவள் இல்லையா. நேற்று நான் உளுந்து ஊறப்போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா சித்தி, ப்ளீச்சிங் பவுடர் வாசன அடிக்குது?"

"குண்டான் கழுவத்தாண்டி. உளுந்துக்கு வெறும் கொதிதண்ணி. கைக்கு கிளவுஸ். ஆஸ்பத்திரில கிருமின்னு சொல்லித்தான உங்கம்மாவ..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாவு பொங்கறதே கிருமியாலதான் சித்தி. உளுந்துல ஒட்டிக்கினே வருது. மாவத் தின்னு காத்து விடுது, அதான் பொங்குது. புளிப்பும் அதுங்க வேலதான். அந்தப் புளிப்பு இருந்தாத்தான் கெட்ட கிருமி அண்டாது. நீங்க நல்லதையும் சேத்துக் கொன்னுக்கினு இருக்கீங்க."

உன்னைக் கொண்டுபோனதும் கிருமி, நமக்குச் சோறு போடுவதும் கிருமியா? இதை நான் எப்படி நம்புவது? எது நல்லது, எது கெட்டது என்று என் கண்ணுக்குத் தெரியுமா?

அவள் குண்டான் பக்கம் வந்தாலே நான் கையைத் தட்டிவிடுவேன். அவளுக்கும் ஒரு காய்ச்சல் வந்து ஏதாவது ஆகிவிட்டால், உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிற பயம்தான். ஆனால் நேற்று நான் சொன்னதைக் கேட்காமல் அவளே வேறு உளுந்தை எடுத்துப் பச்சைத்தண்ணீரில் அலசி ஊறவைத்து, சாயங்காலம் அரைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, உப்புப் போட்டு, வெறுங்கையை முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கலக்குகிற மாதிரியே இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கலக்கினாள்.

இப்போது விடிந்துவிட்டது. விடுதிக்கு மாவு ஏற்ற ஆட்டோ வருகிற நேரம். மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. பொங்காமல் கிடந்தால் என்ன செய்வேன், சொல்லு.

ஆனால் அக்கா, அடுப்படிக்குள் நுழைந்ததுமே ஒரு புளிப்பு வாசனை. உன் புடவை வாசனை. இத்தனை நாளாக நான் கொதிதண்ணீர் ஊற்றி ஊற்றி விரட்டிக்கொண்டிருந்தது இதைத்தானா?

பொங்கினாலும் பொங்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். உன் மகள் கையை இனிமேல் தட்டிவிட மாட்டேன். ஆட்டோ வந்துவிட்டது. பிரியாவைக் கூப்பிடுகிறேன். அவளே திறக்கட்டும்.

உன் மகளுக்காக அடுப்படியில் காத்து நிற்கும்
உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி