இரண்டு வாத்துகள், சரியாக இரண்டு

24-10-1954
பிரெஞ்சுத் துரை ஊருக்குப் புறப்படுகிறார். பங்களாச் சாமான்களை இந்திய அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் பட்டியல் தயாராகிறது. பிரெஞ்சும் இங்கிலீஷும் தெரிந்த வாத்தியாரம்மா என்று, அதை இங்கிலீஷில் பெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வாணலி, தட்டு, கத்தி... அடுத்த வரி: வாத்து, இரண்டு. சமையலறைத் தலைப்பின் கீழ்!

தோட்டத்துக் குளத்தில் போய்ப் பார்த்தேன். ரோஜா நிறத் தலை. கல்லூரிப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்தது. வருடக்கணக்கில் வெளியே யார் கண்ணிலும் படாத இனம். எவனோ இறக்கையை நறுக்கிவிட்டிருக்கிறான், பறக்க முடியாது. அதனால்தான் மிஞ்சியிருக்கின்றன.

26-10
ஒப்படைப்பு விருந்துக்கு வாத்துக் கறியாம். "சமையல் சாமான்னுதானே இருக்கு டீச்சரம்மா, நான் என்ன பண்றது?" என்கிறார் பங்களாப் பொறுப்பாளர் குஞ்சிதபாதம்.

நான் பண்ணினேன். பெயர்ப்பில் அந்த வரியைச் சிலைக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் வைத்தேன். 'வாத்து, இரண்டு. எண்ணிக்கை மாறக் கூடாது.'

2-11
நேற்றுக் கொடி மாறியது. விருந்தில் கோழி.

20-8-1955
வாராவாரம் போகிறேன். ஆணும் பெண்ணும்தான். குஞ்சு ஏன் இல்லை? வயதாகிவிட்டதோ?

9-7-1956
இன்று குஞ்சிதபாதத்திடம் கேட்டே விட்டேன்.

"முட்டையா? போன வருஷமே ஏழு போட்டுது. ஆம்லெட் போட்டுட்டோம். விட்டா ஒன்பதாயிடும், நான்ல பதில் சொல்லணும்? எண்ணிக்கை மாறக் கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க!"

எவ்வளவு பெருமை அந்த மனிதருக்கு. ஏழையும் தின்னுட்டாங்களே... அவரை என்ன சொல்ல? எழுதியது இந்தக் கைதானே. குறையக் கூடாது என்று மட்டும் எழுதியிருந்தால்?

11-7
இந்த வருடம் ஐந்து. எனக்குத் தாருங்கள் என்றேன். குஞ்சிதபாதம் திகைத்துப்போனார். "நீங்க சைவமாச்சே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார். விளக்கம் சொல்லவில்லை. கெட்ட பெயரோடு முட்டைகளையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு உம்மு சல்மாவின் வாத்து அடையில் இருக்கிறது.

"யா அல்லாஹ், யாரு வூட்டு முட்டை இது, அக்கா?"

"சர்க்கார் வீட்டு முட்டை."

வாத்தைத் தூக்கி, ஐந்தையும் அடியில் தள்ளினாள்.

3-11-1956
பங்களாவில் வருடாந்தரச் சரிபார்ப்பு. அதிகாரி குளக்கரையில் நின்று எண்ணினார். இரண்டு. கையெழுத்துப் போட்டார். குஞ்சிதபாதத்துக்குப் பாராட்டு.

மாலையில் உம்மு சல்மாவின் கொல்லைக்குப் போய் நானும் குஞ்சுகளை எண்ணினேன். எத்தனை என்று இங்கே எழுதுவதாக இல்லை.