இல்லாத வாசற்படி

மே 8
வட்டார சுகாதார அலுவலகத்தில் மூன்றாவது வாரம். மூன்று மருத்துவமனைகளிலிருந்து, யாரோ அடித்துக் காயப்பட்டு வந்தவர்களின் பதிவுகள் என் மேஜைக்கு வருகின்றன. பெயர் கிடையாது. பிறந்த தேதி, ஊர், காயம், பூர்வகுடியா ஆம்/இல்லை. பிறந்த தேதி, ஊர், பூர்வகுடிக் கட்டம் மூன்றும் ஒத்தால் ஒரே ஆள் என்று பொருத்த வேண்டும், யோசிக்க வேண்டாத வேலை. இரண்டாம் முறை அடிபட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் பூர்வகுடிப் பெண்களில் அநேகமாக யாருமே இல்லை. மேலாளர் அதை அப்படியே அறிக்கையில் போடச் சொல்கிறார். எதற்கும் மூன்று தசம இடம் கேட்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் தசமம்.
நம்பவே முடியாத எண். நானா தப்பு, கோப்பா?

மே 9
கோப்புதான். மூன்றில் ஒன்றான ஆற்றோர மருத்துவமனையின் பதிவு மேசைக்காரரைப் போனில் பிடித்தேன். பூர்வகுடிக் கட்டத்தை எப்படி நிரப்புகிறீர்கள் என்றேன்.
"கேக்கவா செய்வாங்க? முகத்தைப் பாத்தாலே தெரியாதா தம்பி. தலை கலைஞ்சு வந்தா ஆம். சீவிட்டு வந்தா இல்லை."
இத்தனை நாள் நானும் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் ஆட்களைப் பொருத்தியிருக்கிறேன். தலை சீவினால் வேறு ஆள்!

மே 11
கட்டத்தைத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினேன். திரும்பத் திரும்ப வந்தவர்கள் இரண்டு மடங்கு ஆனார்கள்.
அதில் ஒரு முறை மட்டும் 'ஆம்' ஆக வந்தவளும், ஐந்து முறை 'இல்லை' ஆக வந்தவளும் ஒரே பெண்ணாகிவிட்டார்கள். வயது 34. மூன்று மருத்துவமனை, ஆறு வருகை, எப்போதும் இடது பக்கம். டாக்டர் குறிப்பு: தாக்குதல் என்று சந்தேகம். அவள் சொன்னது ஆறு முறையும் ஒரே வரி: "வாசற்படியில் விழுந்தேன்."
இடைவெளி நாட்கள்: 41, 33, 26, 20, 15.
எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று குறைகிறது. அடுத்தது நான்கு குறைந்து 11. கடைசி வருகை மே 6. அப்படியானால் மே 17.
வெறும் எண்தானே இது?

மே 12
தசமத்திடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நாம எண்ணுற ஆளுங்கப்பா. தேடுற ஆளுங்க இல்ல," என்றார்.
மதியம் ஆற்றோர மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஊர், வயது, அந்த வாசற்படி வரி, ஐந்து இடைவெளிகள், அடுத்த 11, இவற்றை மட்டும் வாசித்தேன். அக்கா எழுதிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:
"அந்த ஊர்ல எந்த வீட்டுக்கும் படியே கிடையாது தம்பி. எல்லாம் தரையோட தரை."

மே 13
அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். நாற்பத்தொன்று என்று வாய்வரை வந்துவிட்டது.

மே 15
நர்ஸ் அக்கா கூப்பிட்டாள். நேற்று அந்தப் பெண் கட்டுப் பிரிக்க வந்தாளாம். அக்கா ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதி, கீழே 11 என்று போட்டு முன்னால் வைத்திருக்கிறாள். அந்தப் பெண் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:
"இதை யாரு எண்ணினது?"
தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வண்டி பிடித்து, தூரத்து ஊரில் இருக்கும் அவள் உடன்பிறந்தவள் வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள்.

மே 17
கோப்பில் அவள் பதிவு இல்லை.

மே 18
பதிவு இல்லை. அப்போதுதான் உறைத்தது: செத்தவர்கள் என் கோப்புக்கு வரவே மாட்டார்கள், அது வேறு மேஜை. இதைக்கூட யோசிக்காத மடையன் நான். கேட்கும் முன்பே தசமம் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். அதிலும் அவள் இல்லை.

ஜூன் 5
அறிக்கை போனது, சரியான எண்ணோடு. இனி பதிவு மேசையில் முகம் பார்க்காமல் வாயால் கேட்க வேண்டும் என்று உத்தரவு. அவள் நலமாக இருக்கிறாளாம், நர்ஸ் அக்கா சொன்னாள்.

ஜூன் 20
இன்றைய கோப்பு. அதே ஊர். பெண், வயது 22. பூர்வகுடியா: கேட்கப்பட்டது, ஆம். முதல் வருகை. இடது மணிக்கட்டு.
"வாசற்படியில் விழுந்தேன்."
கை தானாகவே நாற்பத்தொரு நாள் தள்ளி, காலண்டரில் ஜூலை 31ஐ வட்டமிட்டது. அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பிறகு ரப்பரால் அழித்தேன்.
நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டாயிற்று. மணி அடிக்கிறது.