சரிபார்த்தவர் கையெழுத்து

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? நீ அனுப்பிய படத்தில் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. இங்கே பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவாய். அதனால்தானே டயாலிசிஸ் பிரிவு முழுக்க உன்னைக் குருவி என்று கூப்பிட்டோம். அங்கே உட்கார்ந்து சாப்பிட நேரம் தருகிறார்கள் என்று கேட்டு எனக்குச் சந்தோஷம்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான்கு தடவை நீ அழைத்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அக்கா என்பாய், நானும் எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பிரிவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. எட்டு மெஷினில் ஆறுதான் ஓடுகிறது. நடைபாதையில் 'நோயாளிகளின் உரிமைகள்' என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் தண்ணீர் கேன்களை அடுக்கிவிட்டதால் ஐந்தாவது உரிமைக்குக் கீழே யாராலும் படிக்க முடியாது. வெல்லக்கட்டி அப்படியேதான் இருக்கிறார், அதே பேச்சு, அதே இனிப்பு. நம் பணியாளர் அதிகாரிக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். மருத்துவச் சட்டம், நெறிமுறை என்று அவர் எடுத்த வகுப்பில் நீ கண்ணைத் திறந்தபடியே தூங்கினாய். ஆனால் வருகைப் பதிவில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய்.

கையெழுத்து என்று எழுதிவிட்டேன். இனிமேல் சுற்றி வளைக்க முடியாது.

உன் கடைசி நாள் நினைவிருக்கிறதா? டீ ஆறிக்கொண்டிருந்தது. மெஷின் கழுவும் பதிவேட்டை மடியில் வைத்து, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒருவர் கழுவ வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் எட்டு மெஷினோடு மல்லுக்கட்டும் இடத்தில் யார் போய் யாரைப் பார்ப்பது? காலையில் வந்ததும் ஒருவருக்கொருவர் அன்றைய பக்கத்தில் போட்டு வைத்துவிடுவோம். நீ அன்றைக்கு மாதக் கடைசி வரைக்கும் போட்டாய். "புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க தனியா திண்டாடக் கூடாதுக்கா" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குப் போகிறவள் விட்டுப்போன பரிசாக அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

புது ஆள் வரவே இல்லை. நீ போன அடுத்த வாரம் இரண்டு மெஷின் நின்றுபோனது. மூலையில் சிவப்பு நாடா ஒட்டிய மெஷின் இருக்கிறதே, ஈரல் கிருமி இரத்தத்தில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கியது, அதில் மற்றவர்களையும் போடச் சொன்னார் வெல்லக்கட்டி. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தாத்தான் வேலை பாப்பீங்களா சிஸ்டர்? நல்லா கழுவிட்டுப் போடுங்க" என்றார். சூடேற்றி முழுதாகக் கழுவ முக்கால் மணி நேரம் வேண்டும். வெளியே கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பத்து நிமிடம் அலசிவிட்டு 'முழுக் கழுவல்' என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் உன் கையெழுத்து தயாராக இருந்தது. ஒரு நாள் இல்லை குருவி, பதினோரு நாள்.

மூன்று பேருக்கு அந்தக் கிருமி வந்துவிட்டது. அதில் ஒருவர் நம் தையல்காரர். உன் சீருடைப் பொத்தானைத் தைக்க ஊசி கேட்டு, வாரத்துக்கு மூணு நாள் நீங்க என்னைக் குத்தறீங்க, ஒரு நாள் நான் குத்தக் கூடாதா என்று கலாட்டா செய்தாரே, அவர்தான்.

நான்காவது ஆள் நான். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள், கழற்றிய ஊசி கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் வைத்தியம் பெற விபத்துப் படிவம் வேண்டும், கேட்டேன். தீர்ந்துவிட்டது, வந்ததும் தருகிறோம் என்றார்கள்.

பிறகு மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்தார்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வெல்லக்கட்டி என்னை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'மேற்படி செவிலியர் நேரில் சரிபார்த்துக் கையொப்பமிட்டதன் பேரிலேயே அடுத்த நோயாளியை இணைத்தேன்.' மேற்படி செவிலியர் நீ. உன்னை முன்னாலேயே அனுப்பிவிட்டு, வேலையிலிருந்து விடுவித்த காகிதத்தில் மாதக் கடைசித் தேதியைப் போட்டுக் கொடுத்தார்கள், நாமும் சிரித்துக்கொண்டே வாங்கினோம். அவர்கள் கணக்கில் நீ அந்தப் பதினோரு நாளும் வேலையில் இருந்தாய். "அந்தப் பொண்ணு வெளிநாடு போயிடுச்சு, அதுக்கு என்ன ஆயிடப் போகுது? உங்க வைத்தியத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது, வேறொன்றும் இல்லை. என் பாவத்தை உன் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டேன்.

மாத்திரை பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். வெளியே வாங்க எனக்கு வழியில்லை. முழுதாகத் தரமாட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் இழுப்பறையைத் திறந்து ஏழு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். ஐந்து வாரம் முடிந்திருக்கிறது.

உன் பெயரைச் செவிலியர் பதிவிலிருந்து நீக்குவதா என்று அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி செவிலியர் கவுன்சிலில் விசாரணை. நோட்டீஸ் நீ காலி செய்த விடுதி அறைக்குப் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே பெயர் போனால் அங்கே உன் வேலை என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

இதையும் நான் எழுதியிருக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமைதான் தையல்காரரை மூலை மெஷினுக்கு மாற்றினார்கள். காரணத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும், யாரும் சொல்லவில்லை. அவர் என்னைக் கேட்டார். கிருமி வந்திருக்கிறது, மெஷின் சரியாகக் கழுவப்படவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். வீட்டுல அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா என்றார். எடுக்க வேண்டும் என்றேன். அப்புறம் மெதுவாக, "கழுவினாங்களான்னு பாக்கறதுக்கு ஒரு ஆள் இருக்க மாட்டாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். குழாயைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டேன். மீதி மூன்றரை மணி நேரமும் அவர் ஒரு கேலிகூடச் செய்யவில்லை.

நானே நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கவுன்சில் அலுவலகம் வரைக்கும் போனேன். முதல் படியிலேயே கால் நின்றுவிட்டது. பையில் அந்த ஏழு மாத்திரை இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். ஆகவே நான் செய்ய வேண்டியதை உன்னைச் செய்யச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அப்படியே கவுன்சிலுக்கு அனுப்பு. நீ ஊரை விட்டுப் போன நாள் உன் பாஸ்போர்ட்டில் முத்திரையாக இருக்கும், அதன் நகலையும் சேர்த்துவிடு. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு உனக்கும் தண்டனை உண்டு, இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஆனால் கழுவாமல் விட்டது நீ இல்லை. கடிதம் விசாரணைக்குள் உன் கைக்கு வருமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஏழு வாரம் பொறுத்துக்கொள்ளடி என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுதக் கேட்க முடியாமல் போயிற்று. நான் கேட்கவில்லை, நீயும் அதை நினைக்காதே. கையில் கிடைத்த அன்றே அனுப்பிவிடு.

என் முழுப் பெயரும் பதிவு எண்ணும் பின்பக்கத்தில் இருக்கின்றன. முதல் வரியிலிருந்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பாதியில் மூடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே.

இப்படிக்கு,
நீ இனியும் கூப்பிடுவாயானால்,
உன் அக்கா