கைக்குழந்தையின் பல் ஈறில் எலும்பு வைப்பதை நிறுத்திவைக்கக் கோரி

அனுப்புநர்
குழந்தைகள் அறுவைப் பிரிவு, ஏழாம் கட்டிலில் உள்ள கைக்குழந்தையின் சித்தி.

பெறுநர்
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை நிர்வாக அலுவலகம்.

பொருள்: உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவுமாகப் பிறந்த குழந்தைக்கு இந்த வயதிலேயே பல் ஈறில் எலும்பு வைப்பதை நிறுத்திவைத்து, வேறு மருத்துவர்களின் கருத்தைப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவம் படிக்காத நான் ஒரு மருத்துவரைப் பற்றி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் நேரில் சொல்ல வந்து, தங்கள் அறை வாசலோடு திரும்பிவிட்டேன்.

1. என் அக்கா மகளுக்கு உதடு நன்றாகவே தைக்கப்பட்டுள்ளது. அதில் குறையில்லை. வரும் திங்கட்கிழமை அவள் விலா எலும்பில் ஒரு துண்டெடுத்து மேல் ஈற்றுப் பிளவில் வைக்கப்போகிறார்கள். "இப்பவே வச்சிட்டா பின்னாடி தொல்லையே இல்லம்மா. புதுசா வந்திருக்கிற முறை" என்றார் அறுவை மருத்துவர். இதே பிளவோடு பிறந்த எனக்கும், கைக்குழந்தையாக இருந்தபோது, இவர் இதையேதான் செய்தார். விலாவில் தழும்பு இருக்கிறது. எனக்கு வயது இருபத்திரண்டு. என் வயதுள்ள முறை எப்படிப் புதியதாயிற்று?

2. என் மேல்தாடை கீழ்த்தாடைக்கு ஈடாக வளரவில்லை. மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் விழுகின்றன. பக்கவாட்டில் பார்த்தால் மூக்குக்குக் கீழே பள்ளமாகத் தெரியும். எனக்கு மட்டும்தான் இப்படியென்று நினைத்திருந்தேன். சென்ற வாரம் வெளிநோயாளர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த வளர்ந்த பிள்ளைகளைப் பக்கவாட்டில் பார்த்தேன். குழந்தையிலேயே எலும்பு வைத்தவர்கள் என்று அவர்களின் தாய்மார் சொன்ன அத்தனை பேருக்கும் மூக்குக்குக் கீழே அதே பள்ளம்.

3. மருத்துவர் அறைச் சுவரிலுள்ள படங்களோ எல்லாம் நேர்முகமாக எடுத்தவை. ஏன் என்று உதவியாளரைக் கேட்டேன். "சைடுல எடுத்தா யாரும்மா அழகா இருப்பா? நானே கேவலமாத்தான் இருப்பேன்" என்று சிரித்தார். எங்கள் குறை பக்கவாட்டில்தான் தெரியும் என்பது படமெடுக்கச் சொன்னவருக்குத் தெரியாதா?

4. இவ்வளவு சீக்கிரம் எலும்பு வைத்தால் தாடை வளர்ச்சி தடைப்படலாம் என்றும், பால்பல் விழுந்து கோரைப்பல் முளைக்கும் பருவம் நெருங்கும்வரை பல இடங்களில் காத்திருக்கிறார்கள் என்றும் பல் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் படித்தேன். மருத்துவரிடம் கேட்டதற்கு, "நெட்ல பாத்தியாம்மா?" என்றுவிட்டு அடுத்தவரை அழைத்தார். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆகவே, திங்கட்கிழமை அறுவையை நிறுத்திவைத்து, பல்சீரமைப்பு மருத்துவர் ஒருவரும் வேறோர் அறுவை மருத்துவரும் குழந்தையைப் பார்க்க ஆவன செய்யுமாறும், முன்பு இவ்வாறு எலும்பு வைக்கப்பட்டவர்களை அழைத்துத் தாடையை அளந்து பார்க்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

எழுதத் தயங்கிய ஒன்று மீதமிருக்கிறது. அக்கா இவரைத் தேடி வந்ததே என்னால்தான். "உனக்குப் பண்ணினவர்டி, வேற யார்கிட்டப் போவேன்?" என்கிறாள். கடித்துச் சாப்பிட நான் படும் பாட்டை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. தாங்களே அவளை அழைத்துச் சொல்ல வேண்டும். என்னையும் அங்கே உட்காரவைத்து, என் முகத்தைக் காட்டியே சொல்லலாம். நான் பக்கவாட்டாகத் திரும்பி உட்காருகிறேன்.

இடம்: உள்நோயாளர் கட்டடம், இரண்டாம் தளம்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
குழந்தையின் சித்தி